இரண்டாவது பிள்ளையை நம்பி விட ஓர் இடம்: கோவை கணபதியில் ஒரு குழந்தைகள் காப்பகம்

கோவை கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில், மாடி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்பிருந்து என் மகள் பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறாள். இப்போது அவளுக்கு மூன்றரை. காப்பகத்தின் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று நடத்துகிற அக்காவிடம் கேட்டேன். "வேண்டாம் கண்ணு, இருக்கறதே இருபத்திரண்டு இடம். வர்ற போன்ல பாதிப் பேர்த்துக்கு இல்லைன்னுதான் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே போதும், வழி சொல்லிவிடுவார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஒரு பிள்ளையும் இருந்து, "இன்னொண்ணு பெத்துக்கலாமா" என்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பேசிக்கொள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுவரில் என்ன ஓவியம், எத்தனை பொம்மை, ஆங்கிலத்தில் பேசுகிறார்களா என்பதெல்லாம் மற்றவர்களின் மதிப்புரைகளில் கிடைக்கும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த இடத்தை நம்பி இன்னொரு பிள்ளை பெறலாமா?

முதலில் நேரம். காலை ஏழரைக்குத் திறந்து மாலை ஏழரைக்கு மூடுகிறார்கள். சனிக்கிழமையும் முழு நாள். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில்தான் வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. பம்ப் கம்பெனிக்கும் ஃபவுண்டரிக்கும் மில்லுக்கும் ஞாயிறு ஒன்றுதான். அதைத் தெரிந்து நடத்துகிற காப்பகம் இது. பொங்கலுக்கு மூன்று நாள், தீபாவளிக்கு இரண்டு நாள், ஆயுத பூஜை, தேசிய விடுமுறைகள், ஓட்டுப் போடும் நாள் தவிர வேறு லீவு கிடையாது. கோடை விடுமுறையும் இல்லை.

நான் ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். ஒன்பதிலிருந்து ஐந்தே முக்கால் வரை வேலை, மாதக் கடைசியில் ஆறரை ஆகிவிடும். வீட்டுக்காரர் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர், வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். முதல் ஷிஃப்ட் வாரத்தில் அவரே மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவந்து, குளிப்பாட்டி, ராத்திரிக்குச் சமைத்தும் வைத்துவிடுவார். இரண்டாம் ஷிஃப்ட் வாரம் வந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு சேருவார். அந்த வாரங்களில் சாயங்காலம் என்பது முழுக்க என் பொறுப்பு.

இதற்கு முன் மகளை வேறோர் இடத்தில் விட்டிருந்தோம். ஏ.சி. அறை, வண்ண வண்ண நாற்காலி, குழந்தை சாப்பிட்டதும் ஆப்பில் படம் வரும். ஆனால் மூன்றரைக்கு முடிந்துவிடும். தனிக் கட்டணம் கட்டினால் ஐந்தரை வரை வைத்திருப்பார்கள், அதற்குமேல் ஒரு நிமிடம் இல்லை. என் வேலையோ ஐந்தே முக்காலுக்கு முடிகிறது. தினமும் அரை மணி நேரப் பர்மிஷனை யாரிடம், எத்தனை நாளைக்குக் கேட்பது? வீட்டுக்காரர் இரண்டாம் ஷிஃப்டில் இருக்கிற வாரமெல்லாம், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் போய்க் கூட்டிவருவாள். அவளுக்குப் பரீட்சை வந்தால் அதுவும் இல்லை. மே மாதம் முழுக்க மூடிவிட்டார்கள். ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் பாய் விரித்து மகளைத் தூங்க வைத்த நாட்கள் அந்த மாதத்தில் உண்டு. எங்கள் மேனேஜர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் சப்ளையரோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குழந்தை சிணுங்கினால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போகும். அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் "அடுத்தது எப்ப அம்மிணி?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு பிள்ளை என்பது கல்யாணம் ஆனபோதே பேசி வைத்தது. நான் அண்ணனோடு வளர்ந்தவள், அவர் அக்கா மடியில் வளர்ந்தவர். அந்த ஆசை ஒரு நாளும் குறையவில்லை. ஆனாலும் அந்த வருடம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. மூன்றரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே ஒரு குழந்தையை வைத்திருக்கவே ஆள் இல்லாத வீட்டில் இன்னொன்றை எங்கே வைப்பது?

இப்போதைய காப்பகத்தின் சாயங்காலத்தை அதனால்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நாலரைக்குச் சுண்டலோ அவித்த கடலையோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கொடுக்கிறார்கள், கூடவே ஒரு டம்ளர் பால். ஐந்து மணிக்கு எல்லோருக்கும் முகம் கழுவி, துணி மாற்றி, தலை வாரி விடுகிறார்கள். ஆயாம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பெண் பிள்ளைகள் வரிசையாக அவர் மடிக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். என் மகளுக்கு முடி கம்மி. இருந்தாலும் இரண்டு குடுமி போட்டு, ரப்பர் பேண்டுக்கு மேல் ஒரு கனகாம்பரத் துண்டைச் சொருகி விடுவார். ஆறரைக்கு மேல் நான்கைந்து குழந்தைகள்தான் மிச்சம் இருப்பார்கள். அந்த நேரத்தில் டி.வி. போட்டு விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். இங்கே டி.வி.யே இல்லை. கடைசிக் குழந்தை போகிற வரைக்கும் ஓர் ஆயாம்மா கூடவே உட்கார்ந்து கதையோ பாட்டோ சொல்லிக்கொண்டிருப்பார். ஏழு மணிக்கு ஓடி வந்து கதவைத் திறக்கும்போது என் குழந்தை ஏங்கிப்போய் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. "இரும்மா, நரிக் கதை முடியல" என்கிறாள். ஒரு அம்மாவுக்கு இதைவிட நிம்மதியான சொல் என்ன இருக்கிறது?

ஆயாம்மாக்கள் நிலைத்து இருக்கிறார்கள். நாங்கள் சேர்த்தபோது இருந்த நான்கு பேரும் இப்போதும் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முகம் மாறும், குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அழுது பழக வேண்டியிருக்கும். அக்கா அவர்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் தருகிறார் என்று ஆயாம்மாவே என்னிடம் சொன்னார். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்றால், நான் மனம் நிறைந்து கொடுப்பேன்.

அடுத்தது காய்ச்சல். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நிஜமாகக் கயிறு அறுகிற இடம் இதுதான். அக்கா முன்பு ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். அவருடைய விதிகள் தெளிவானவை. 100.4 டிகிரிக்கு மேல் போனால் உடனே போன் வரும். நாம் வரும் வரை முன்னறையில் தனியாக, ஓர் ஆயாம்மா துணையோடு படுக்க வைத்திருப்பார்கள். பாராசிட்டமால் கொடுப்பது டாக்டர் சீட்டில் குழந்தையின் எடையும் அளவும் எழுதியிருந்தால் மட்டும். மருந்து கொடுக்காமலே காய்ச்சல் இல்லாமல் ஒரு முழு நாள் போன பிறகுதான் திரும்பக் கூட்டிவரலாம். கை, கால், வாயில் கொப்புளம் போடும் தக்காளிக் காய்ச்சல் என்றால் கொப்புளம் காய்ந்து உதிரும் வரை வரக் கூடாது.

சில பெற்றோர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், கூகுளில் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு குழந்தையின் காய்ச்சல் இருபது வீட்டுக்குப் போகும், இருபது அம்மாக்களின் லீவு கரையும். குறை காப்பகத்தில் இல்லை. என்னைப் போன்ற தனியார் ஊழியருக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எடுக்கத் தனி லீவு எதுவும் கிடையாது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 18 வயது ஆகும் வரை, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு இருக்கிறது. எனக்கு இருப்பது கேஷுவல் லீவு. மழைக்காலம் முடிவதற்குள் அது தீர்ந்துவிடும். ஒரு பிள்ளைக்கே இப்படி. இரண்டாகிவிட்டால் பெரியவளுக்கு வருவது நாலு நாளில் சின்னதுக்கு வரும். இந்தக் கணக்கை எந்தக் காப்பகமும் நமக்காகப் போட்டுத் தீர்த்துவிட முடியாது. எங்கள் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு, அவர் முதல் ஷிஃப்டில் இருந்தால் காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவர். வேறு ஷிஃப்டில் இருந்தால் தலைகீழாக. ஆளுக்கு அரை நாள் லீவு. அவருடைய கம்பெனியில் ஓர் ஆண் பிள்ளை குழந்தைக் காய்ச்சலுக்கு லீவு கேட்பதை முதலில் விசித்திரமாகப் பார்த்தார்கள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை, இப்போது இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்களாம்.

இனி முக்கியமான பகுதி. கைக்குழந்தை அறை. ஆறு மாதம் முடிந்த குழந்தையிலிருந்து எடுக்கிறார்கள், இரண்டு வயது வரை இந்த அறை. இடம் நாலே நாலு. நாலு குழந்தைக்கு இரண்டு ஆயாம்மா. விட்டத்திலிருந்து பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் அம்மாவின் சேலை. அந்த வாசனைக்குக் குழந்தை அழாமல் தூங்கும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொள்கிறார். மூலையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அதில் தாய்ப்பாலுக்கு மட்டும் தனித் தட்டு. பாட்டிலில் பெயரும் பீய்ச்சிய நேரமும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். அடுப்பில் வைத்துச் சுட வைப்பதில்லை, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்தில் வேலை பார்க்கும் அம்மாக்கள் மத்தியானம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக ஒரு திரை போட்ட மூலையும் நாற்காலியும் உண்டு.

அந்த நாலு இடம்தான் இந்தப் பகுதியில் பல வீடுகளின் இரண்டாவது பிள்ளையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து பெரிய அறைக்குப் போனால்தான் ஓர் இடம் காலியாகும். அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யாருடைய குழந்தை எந்த மாதம் பெரிய அறைக்கு மாறும், அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார். அடுத்த வருடம் ஜூனில் ஒன்று காலியாகிறது என்று தெரிந்த அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜூன் கடைசியில் ஆறு மாதம் முடிய வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியில் பிறக்க வேண்டும். அப்படியென்றால் இந்த மார்ச், ஏப்ரலுக்குள். முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் டாக்டரிடமும் கேட்டோம், இடைவெளி போதும் என்றார். மேலே இருப்பவன் கொடுப்பதை நாம் மாதம் குறித்துக் கேட்கிறோமே என்று வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சங்கடம். எனக்குச் சங்கடம் இல்லை. குழந்தை நமக்கு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வந்தால் எங்கே படுக்க வைப்போம் என்பதாவது நம் கையில் இருக்க வேண்டாமா?

இந்தக் கணக்கில் ஒரு மாதம் இடிக்கும். அதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. பேறுகாலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. மூன்றாவதற்கு 12 வாரம்தான். 26 வாரம் என்றால் ஆறு மாதம், காப்பகம் எடுப்பதும் ஆறு மாதத்தில், சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் நிறைமாத வயிற்றோடு கடைசி நாள் வரை ஆபீஸ் போக முடியுமா? பிரசவத்துக்கு முன் ஒரு மாதம் எடுத்தால் பிறகு மிச்சம் ஐந்து மாதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள், அக்காவும் ஆறு மாதம் முடியாமல் எடுக்க மாட்டார். நடுவே தொங்கும் அந்த ஒரு மாதத்தில்தான் நிறையப் பெண்கள் வேலையை விடுகிறார்கள். என்னோடு ஸ்டோர்ஸில் இருந்த தோழி அப்படித்தான் விட்டாள். அப்பாக்களுக்குத் தனியார் கம்பெனிகளில் சட்டப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு.

அதே பேறுகாலச் சட்டத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கோயமுத்தூரின் தொழில் எப்படி இருக்கிறது? ஜாப் ஆர்டர் எடுக்கிற லேத் பட்டறை, பத்துப் பேர் வைண்டிங் செய்யும் மோட்டார் யூனிட், முப்பது பேர் உள்ள பேட்டர்ன் ஷாப். கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம், பீளமேடு வரை தெருத்தெருவாக இப்படித்தான். ஐம்பதைத் தொடாத யூனிட்டுகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. எங்கள் கம்பெனியும் நாற்பது சொச்சம் பேர்தான். இன்னொன்று, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர்களுக்குப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. தருகிறது. அதற்குமேல் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். சின்னக் கம்பெனி முதலாளிக்கு அது பாரம்தான். அதனால் இன்டர்வியூவில் "கல்யாணம் ஆயிருச்சா, குழந்தை இருக்குதா" என்று கேட்கிறார்கள். இந்தச் செலவைப் பொதுவில் ஏற்றுக்கொண்டால் ஒழிய அந்தக் கேள்வி நிற்காது என்பது என் எண்ணம்.

என் பள்ளித் தோழி அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு ஒரு வருடம். அவள் மூன்று வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டாள், நாலரைக்கு வீட்டில் இருக்கிறாள். அவள்மேல் எனக்குப் பொறாமை இல்லை, அவளுக்குக் கிடைத்தது சரியான அளவு. எல்லோருக்கும் அதுதான் அளவாக இருக்க வேண்டும். எங்கள் தெரு அங்கன்வாடியும் நல்ல இடம்தான்: பணியாளர் தங்கமானவர், முட்டையோடு சத்துணவு, காசு கிடையாது. ஆனால் வேலைக்குப் போகிற அம்மா திரும்பி வரும் நேரம் வரை திறந்திருப்பதில்லை, கைக்குழந்தையை விடவும் வழியில்லை. அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகமும் நடத்தும் 'பால்னா' என்ற மத்திய அரசுத் திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்து எடுக்கிறது. அது கணபதிக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

"பாட்டி இல்லையா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மகளுக்கு ஒன்றேகால் வயது வரை என் அம்மா வந்திருந்தார். அண்ணிக்குப் பிரசவம் ஆனதும் அங்கே போக வேண்டியதாயிற்று, முட்டி வலியோடு இப்போது இரண்டு பேரன்களைப் பார்க்கிறார். மாமியார் அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார், நாலு கறவை மாடு, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். ஒரு முறை, "எங்களோட வந்து இருங்களேன் அத்தை" என்று கேட்டேன். "வர்றதுக்கு எனக்கென்ன அம்மிணி கசக்குதா? நா வந்துட்டா மாட்டை ஆரு பாக்கறது? பால் ஊத்துலீன்னா அந்தக் காசு ஆரு குடுப்பா? உம்பட மாமனாருக்கு மருந்து அதுலதான் ஓடுது" என்றார். உண்மைதானே. அவரும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற பெண்தான். பாட்டிமார் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் திட்டம் போடுகிறோம்.

கட்டணத்துக்கு வருகிறேன். கைக்குழந்தைக்கு மாதம் 9,000. இரண்டு வயதுக்கு மேல் 6,500. பள்ளி விட்டு வந்து மாலை வரை இருக்கும் பிள்ளைக்கு 3,500. அக்கா தங்கை அண்ணன் தம்பி இருவர் சேர்ந்தால் மூத்ததின் கட்டணத்தில் 10 சதவீதம் குறைப்பார்கள். சாப்பாடு இதில் அடக்கம்: காலையில் ராகிக் கூழோ இட்லியோ, மத்தியானம் பருப்புச் சாதம், ஒரு காய், தயிர்ச் சாதம். மாலை ஏழரைக்கு மேல் மணிக்கு 150. முன்பணமாக ஒரு மாதக் கட்டணம். ஒவ்வொரு ஜூனிலும் ஏறும்.

மகள் இந்த ஜூனில் எல்.கே.ஜி. போகிறாள். இரண்டாவதும் வந்துவிட்டால் மாதம் 12,150 ஆகும், பள்ளிக் கட்டணமும் வேனும் தனி. கைக்கு வரும் என் சம்பளம் 31,000. "பாதி அங்கியே போயிருமே, அதுக்கு வேலையை விட்டுட்டு வூட்லயே இருந்தா என்ன?" என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். இதற்கு என் பதில் இரண்டு. ஒன்று, 9,000 கட்டுவது ஒன்றரை வருடம்தான். நான் மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் பத்து வருட அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சேருகிறவளின் சம்பளத்தில் தொடங்க வேண்டும், பி.எஃப். நின்றுபோகும். இன்னொன்று, பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்க, காப்பகக் கட்டணத்தை மட்டும் ஏன் அம்மாவின் சம்பளத்திலிருந்து கழிக்கிறோம்? எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்த அன்றே அவர் நோட்டை எடுத்து, இரண்டு பேர் சம்பளத்தையும் மேலே எழுதி, வாடகை, வண்டி ட்யூ, சீட்டு, காப்பகம் என்று கீழே வரிசையாக எழுதினார். அப்படி எழுதிப் பார்த்தால் தாங்கக்கூடிய செலவுதான். இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் தாங்கும்.

குறைகளும் உண்டு. வெளியே விளையாட இடம் போதாது. போர்ட்டிகோவும் வாசலும்தான், ஒரு சறுக்கு மரமும் மணல் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். ஓடி ஆடும் பிள்ளைக்கு மூன்று வயதுக்கு மேல் அது பற்றாது, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம்தான் வ.உ.சி. பூங்காவுக்கோ காந்திபுரம் தாண்டி வேறெங்காவதோ கூட்டிப் போக வேண்டும். தெரு குறுகல். காலை எட்டரைக்கு இரண்டு கார் எதிரெதிரே வந்தால் நின்றுவிடும், ஸ்கூட்டரில் போவது நல்லது. கேமரா வாசலிலும் பெரிய அறையிலும் இருக்கிறது, நம் போனில் பார்க்கிற வசதி இல்லை. கேட்டால் அக்கா தானே போட்டுக் காட்டுவார். ஒரே ஒரு கழிப்பறையில்தான் குழந்தைகளுக்கான சின்ன இருக்கை இருக்கிறது, இன்னொன்றும் அப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்கவில்லை என்று சிலருக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. எங்கள் கம்பெனியில் அசெம்ப்ளியில் இருக்கும் பெண்களால் இந்தக் கட்டணத்தைக் கட்டவே முடியாது. அக்கா இரண்டு குழந்தைகளைப் பாதிக் கட்டணத்தில் வைத்திருக்கிறார். அது அவருடைய நல்ல மனசு, அவ்வளவுதான் அவரால் முடியும். அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம், "ஒண்ணோட நிறுத்தி ஆபரேஷன் பண்ணீட்டேங்க்கா. இன்னொண்ணை ஆரு பார்ப்பாங்க" என்றாள். இருபத்தாறு வயது. 2025 மார்ச்சில் முதல்வர் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையைச் சொல்லி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசியபோது எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வில் 2019-21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும் என்கிறார்கள். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய நாட்டில் அந்த இரண்டாமவருக்கே இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்களைக் கேட்டால், மாலை ஏழரை வரை திறந்திருக்கும் காப்பகத்தைத் தெருவுக்கு ஒன்று திறந்துவிட்டுப் பிறகு கேளுங்கள் என்போம்.

எங்கள் வீட்டில் முடிவு எடுத்தாகிவிட்டது. நோட்டில் அடுத்த வருட ஜூன் இடத்துக்கு எங்கள் பெயர் பென்சிலில் ஏறியிருக்கிறது. நடுவில் இடிக்கும் அந்த ஒரு மாதத்தில் பாதியை வீட்டுக்காரர் தன் ஈட்டிய விடுப்பில் பார்த்துக்கொள்கிறார். மீதிப் பாதிக்கு, மாட்டைக் கொழுந்தனார் வீட்டில் கட்டிவிட்டு அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் காப்பகம் இல்லாமல் இந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அரை நட்சத்திரம் விளையாட இடம் இல்லாததற்காக.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: வார நாட்களில் காலையில் போகாதீர்கள், அக்கா நின்று பேச முடியாது. சனிக்கிழமை மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில், இரண்டு மணிக்கு மேல் போனால் நிதானமாக எல்லா அறையையும் காட்டுவார். ஜூன் சேர்க்கைக்கு மார்ச்சுக்குள் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தை இடம் வேண்டுமென்றால் நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே போய்ப் பெயர் கொடுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் போனாலும் அக்கா யாரிடமும் சொல்ல மாட்டார். தடுப்பூசி அட்டையின் நகல், குழந்தை டாக்டரின் போன் நம்பர், கூட்டிவர அனுமதி உள்ள இரண்டு பேரின் போட்டோ, துவைத்த பழைய பருத்திச் சேலை ஒன்று. இவ்வளவும் முதல் நாளே கேட்பார்.